இடப்பக்கத்து ஜன்னல்

தில்லி விமான நிலையத்தில் காட்மாண்டு செல்லும் விமானத்துக்காக வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் மனைவி, இரு குழந்தைகளுடன் நின்றவர் கவுண்ட்டரில் இருந்த பெண்ணிடம் ஜன்னலோரமாக இடம் வேண்டும், எந்தப் பக்கமானாலும் பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அழையா விருந்தாளியாகக் குறுக்கிட்டு, "இடப்பக்கம் கேளுங்கள், இறக்கைக்கு முன்னால் கேளுங்கள்" என்றேன். அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். ஆனாலும் இடப்பக்கமே வாங்கிக்கொண்டு போனார்.

விஷயம் எளியது. தில்லியிலிருந்து காட்மாண்டு கிழக்கே, சற்றுத் தெற்காகச் சரிந்து இருக்கிறது. இமயம் வடக்கே. ஆகவே போகும்போது தௌலகிரி, அன்னபூர்ணா, மனாஸ்லு என்று எட்டாயிரம் மீட்டரைத் தாண்டிய சிகரங்கள் வரிசையாக இடப்பக்கம் வரும். வலப்பக்கத்தில் அமர்ந்தவருக்குக் கிடைப்பது கங்கைச் சமவெளியின் புழுதி. திரும்பி வரும்போது இது அப்படியே தலைகீழாகும். இத்தனை எளிய கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை என்பதுதான் என் நெடுநாளைய வியப்பு. பேருந்து நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம்பிடிக்கும் மரபில் வந்தவர்கள் நாம். வெயில் எந்தப் பக்கம் விழும் என்று பார்த்துத்தான் அந்தத் துண்டும் விழும். விமானத்தில் ஏறியதும் அந்த ஞானம் எங்கே போய்விடுகிறதோ!

இந்த ஆசைக்கு ஒரு வரலாறு உண்டு. அதைத் தேடிப் போனால் விமானம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே போய் நிற்க வேண்டியிருக்கிறது.

ரகுவம்சத்தின் பதின்மூன்றாம் சருக்கம் முழுவதும் ஒரு விமானப் பயணம். இலங்கையிலிருந்து அயோத்தி திரும்பும் புஷ்பகத்தில் இராமன் சீதைக்குக் கீழே தெரிவதை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வருகிறான். தன் சேது இரண்டாகப் பிளந்து கிடக்கும் கடல், பிறகு கரை, ஜனஸ்தானம், கோதாவரி, சித்திரகூடம், கங்கையும் யமுனையும் கலக்குமிடம். விமானம் விலக விலக, கடலுக்குள்ளிருந்து காடுகளோடு நிலம் எழுந்து வெளியே வருவது போலிருக்கிறது என்று காளிதாசன் சொல்லுமிடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். வானில் பறந்திராத ஒருவனால் இதை எப்படி எழுத முடிந்தது? அதைவிட முக்கியமானது அடுத்து வருகிறது. அந்த விமானத்துக்கு ஜன்னல் இருக்கிறது. ஆவல் மிகுந்த சீதை ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி மேகத்தைத் தொடுகிறாள். மேகம் தன் மின்னலை அவளுக்கு இன்னொரு வளையாக அணிவிக்கிறது. உலக இலக்கியத்தின் முதல் ஜன்னலோரப் பயணி சீதைதான் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

கம்பனிலும் மீட்சிப் படலத்தில் இராமன் காட்டுகிறான், சீதை காண்கிறாள். நம்மிடம் இன்னொரு பெண்ணின் வான்பயணமும் உண்டு. சீவக சிந்தாமணியில் நிறைசூலியான விசயை மயிற்பொறியில் ஏறித் தப்புகிறாள். அவள் எதையும் பார்ப்பதில்லை. கட்டியங்காரனின் வெற்றி முரசைக் கேட்டு மயங்குகிறாள். பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. ஒருத்திக்குக் காட்டுவதற்கு ஆள் இருக்கிறது, இன்னொருத்திக்கு இல்லை. காவியங்கள் இரண்டையும் அருகருகே வைத்தால் வான்பயணத்தின் இரு முகங்களும் தெரிந்துவிடுகின்றன.

(சென்னையிலிருந்து கொழும்பு செல்பவர்கள் வலப்பக்கம் அமரவேண்டும். வானம் தெளிவாக இருந்தால், யாழ்ப்பாணத்தைக் கடந்தபின் மேற்கே தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் நோக்கிக் கிடக்கும் மணல்திட்டுகளைப் பார்க்கலாம். காளிதாசன் சொன்ன அந்தப் பிளவு, பச்சையும் நீலமுமாக.)

மனிதன் உண்மையில் பறக்கத் தொடங்கியபோது ஜன்னல் தேவைப்படவில்லை. சுவரே இல்லாத இடத்தில் ஜன்னல் எதற்கு? 1914 ஜனவரி முதல் நாள் அமெரிக்காவின் புளோரிடாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து டாம்பாவுக்கு உலகின் முதல் பயணிகள் விமானச் சேவை தொடங்கியது. ஏலத்தில் 400 டாலர் கொடுத்து முதல் பயணச்சீட்டை வாங்கிய ஏப்ரம் பைல், திறந்த படகு விமானத்தில் விமானிக்குப் பக்கத்தில் மரப்பலகையில் அமர்ந்து 23 நிமிடம் பறந்தார். அவருக்கு எல்லாப் பக்கமும் ஜன்னலோரம்தான். ஏறத்தாழ அதே சமயத்தில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இகோர் சிகோர்ஸ்கி ‘இலியா முரோமெத்ஸ்’ என்ற நான்கு எஞ்சின் விமானத்தைக் கட்டி முடித்திருந்தார். அதில்தான் மூடிய கூடம், ஜன்னல்கள், மின்விளக்கு, எஞ்சின் புகையின் சூட்டால் குளிர்காயும் ஏற்பாடு எல்லாம் வந்தன. 1914 பிப்ரவரியில் பதினாறு பேரையும் ஒரு நாயையும் ஏற்றிக்கொண்டு அது பறந்தது. அந்த ஆண்டே உலகப்போர் வந்து அந்த விமானம் குண்டு வீசப் போய்விட்டது.

இரு போர்களுக்கு இடைப்பட்ட காலம்தான் பார்ப்பவர்களின் பொற்காலம். 1936இல் பறக்கத் தொடங்கிய ஹிண்டன்பர்க் வான்கப்பலின் இருபுறமும் உலாவும் நடை இருந்தது. அதன் ஜன்னல்கள் வெளிப்புறமாகச் சாய்ந்தவை. கண்ணாடியில் நெற்றி வைத்தால் நேர்கீழே அட்லாண்டிக் கடல். அந்த ஜன்னல்களைத் திறக்கவும் முடியும். சில நூறு மீட்டர் உயரத்தில் மெல்ல மிதந்துபோன அந்தக் கப்பலில் சீதையைப் போலக் கையை வெளியே நீட்டியவர்கள் இருந்திருப்பார்கள். பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் நடத்திய ‘எம்பயர்’ படகு விமானங்களிலும் எழுந்து நின்று பார்ப்பதற்கென்றே ஜன்னல்கள் வைத்த கூடம் இருந்தது. நைல் நதியைத் தொடர்ந்து போகும் பாதையில் அவை தாழப் பறந்தன.

ரயிலைப் பற்றி வோல்ஃப்காங் ஷிவெல்புஷ் 1977இல் எழுதிய நூலில் ஒரு கருத்து உண்டு. ரயில் வேகத்தில் அருகிலுள்ளவை எல்லாம் கலங்கி மறைந்துவிடுகின்றன. பயணி தொலைவை மட்டுமே பார்க்கப் பழகிக்கொள்கிறான். தன்னைச் சூழ்ந்த நிலத்தில் அவன் இல்லை, அதை வெளியிலிருந்து பார்ப்பவனாகிவிடுகிறான். விமானம் இதன் உச்சம். ஆனால் ஷிவெல்புஷ் தொட்டுச்சென்ற இன்னொன்று எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. மாட்டுவண்டியில் போகிறவன் முன்னால் பார்க்கிறான். ரயிலிலும் விமானத்திலும் பயணி பக்கவாட்டில் மட்டுமே பார்க்க முடியும். ஊர்தி எதை நோக்கிப் போகிறது என்பது அவனுக்குத் தெரியாது. அது ஓட்டுபவர் பாடு.

1933 ஏப்ரல் 3ஆம் தேதி பீகாரின் பூர்ணியாவிலிருந்து இரண்டு விமானங்கள் எவரெஸ்டைக் கடக்கப் புறப்பட்டன. செலவை ஏற்றவர் லேடி ஹூஸ்டன் என்ற செல்வச் சீமாட்டி. விமானிகள் கிளைட்ஸ்டேல் பிரபுவும் டேவிட் மெக்கின்டயரும். அவர்களுக்குப் பின்னால் அமர்ந்து படமெடுக்கப் போனவர்கள் கர்னல் பிளாக்கரும் எஸ்.ஆர். பானெட்டும். மின்சாரத்தால் சூடேற்றிய உடை, பிராணவாயுக் குழாய், கனமான காமிராக்கள். இன்று காட்மாண்டுவில் காலைக் காப்பி குடித்துவிட்டு ஒரு மணி நேரத்தில் பார்த்துத் திரும்பும் காட்சிக்கு அன்று இத்தனை ஏற்பாடு. மலைமேல் கீழிறங்கும் காற்று விமானங்களைப் பிடித்து அழுத்தியது. முட்டி மோதி மேலேறி, சிகரத்தைச் சொற்ப உயரத்தில்தான் கடந்தார்கள். பானெட்டின் பிராணவாயுக் குழாய் உடைந்தது. கைக்குட்டையால் அதைச் சுற்றிக் கட்டிவிட்டு, கிட்டத்தட்ட நினைவிழந்து விழுந்தார். சில நிமிடம் உலகின் மிக அரிய காட்சி அவர் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது; அதைப் பார்க்கத் தகுந்த ஒரே மனிதர் விமானத்தின் தரையில் கிடந்தார்.

அன்று நில அளவைக்காகச் செங்குத்தாகக் கீழ்நோக்கி எடுத்த படங்கள் புழுதி மூட்டத்தால் வீணாயின. ஏப்ரல் 19ஆம் தேதி, தடையை மீறி மீண்டும் பறந்துதான் பயன்படும் படங்களைக் கொண்டுவந்தார்கள். கங்கைச் சமவெளியின் அந்தப் புழுதி இன்றும் இருக்கிறது. தில்லி விமானத்தில் தவறான பக்கம் அமர்ந்தவர்கள் பார்ப்பது அதைத்தான்.

புழுதிக்கும் மேகத்துக்கும் மேலே போகவேண்டுமென்றால் பயணிகள் கூடத்தை அடைத்து, உள்ளே காற்றழுத்தம் ஏற்றவேண்டும். அப்படி ஏற்றியதும் விமானம் ஊதிய பலூன் ஆகிவிடுகிறது. பலூனில் ஜன்னல் என்பது ஓட்டை. இன்றைய விமான ஜன்னல் ஒன்றின்மேல் உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தம், அதன் பரப்பைக் கொண்டு கணக்கிட்டால், ஏறத்தாழ அரை டன் வரும். நாம் தலைசாய்த்துத் தூங்குவது அதன் பக்கத்தில்தான்.

இந்த ஓட்டையின் விலையை உலகம் 1954இல் அறிந்தது. 1952 மே 2ஆம் தேதி டி ஹாவிலாண்ட் நிறுவனத்தின் ‘காமெட்’, லண்டனிலிருந்து ஜோஹானஸ்பர்க்குக்கு உலகின் முதல் ஜெட் பயணிகள் சேவையைத் தொடங்கியது. பழைய விமானங்களைவிட இருமடங்கு உயரம், அதிர்வில்லை, பெரிய, சதுரத்தை ஒத்த ஜன்னல்கள். சரியாக ஓராண்டு கழித்து, 1953 மே 2 அன்று, கல்கத்தாவின் டம்டம்மிலிருந்து எழுந்த காமெட் ஒன்று புயலில் சிதறி 43 பேர் இறந்தனர். பழி புயலின்மேல் போடப்பட்டது. 1954 ஜனவரி 10 அன்று எல்பா தீவருகே இன்னொன்று நடுவானில் உடைந்தது, 35 பேர். ஏப்ரல் 8 அன்று நேப்பிள்ஸ் அருகே மூன்றாவது, 21 பேர். இரு நாட்களும் வானிலை நன்றாகவே இருந்தது. புயலைக் குற்றம் சொல்ல வழியில்லை.

ஃபார்ன்பரோவில் ஆய்வாளர்கள் ஒரு முழு காமெட் விமானத்தை, இறக்கைகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, தண்ணீர்த் தொட்டிக்குள் மூழ்கடித்தார்கள். உள்ளே நீரை ஏற்றி அழுத்தம் கூட்டி, இறக்கி, மீண்டும் கூட்டி, இறக்கி, ஒவ்வொரு பறத்தலையும் செயற்கையாக நடத்திக்காட்டினார்கள். அதன் உண்மைப் பறத்தல்களும் தொட்டியில் நடந்தவையும் சேர்ந்து மூவாயிரத்தைக் கடந்தபோது உடற்கூடு கிழிந்தது. தொடக்கம் ஒரு ஜன்னலின் மூலை. உலோகமும் சோர்ந்துபோகும், கூர்மையான மூலைகளில் அந்தச் சோர்வு முதலில் குவியும் என்பதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். இன்று எந்த விமான ஜன்னலுக்கும் கூர்மூலை இல்லாததற்கு இதுவே கதை.

இந்தக் கதையில் ஒரு சிறு திருத்தம் சொல்லவேண்டும். பயணிகள் பார்க்கும் சதுர ஜன்னல்தான் அந்த விமானங்களைக் கொன்றது என்று இன்று எங்கும் எழுதுகிறார்கள். எல்பா கடலடியிலிருந்து எடுத்த துண்டுகளில் விரிசல் தொடங்கியதாகக் காணப்பட்டது கூரையில், வானொலித் திசைகாட்டியின் ஏரியலுக்காக வெட்டப்பட்ட திறப்பில். யாரும் அதன் வழியாக எதையும் பார்க்கவில்லை. ஆனாலும் மக்கள் நினைவு பயணிகளின் ஜன்னலைத்தான் பிடித்துக்கொண்டது. பார்க்கும் ஆசைக்குத் தண்டனை என்ற கதை நமக்கு இயல்பாகவே பிடித்துப்போகிறது போலும்.

அதற்குப் பிறகு ஜன்னல் சுருங்கத் தொடங்கியது. நடுவில் விதிவிலக்குகள் உண்டு. 1953இல் சேவைக்கு வந்த விக்கர்ஸ் வைகவுண்டின் நீள்வட்ட ஜன்னல்கள் 66 சென்டிமீட்டர் உயரம். நம் இந்தியன் ஏர்லைன்ஸிடமும் அந்த விமானங்கள் இருந்தன. பிரெஞ்சு காரவெல்லின் ஜன்னல் முனை மழுங்கிய முக்கோணம். கீழ்ப்பக்கம் அகன்றது, ஏனென்றால் பயணி பார்க்க விரும்புவது கீழே. இத்தனை எளிய மரியாதையை வேறெந்த விமானமும் பயணியின் கண்ணுக்குச் செய்ததில்லை. கான்கார்டின் ஜன்னல் உள்ளங்கை அளவு. கண்ணாடி உடைந்தாலும் காற்று மெதுவாக வெளியேறட்டும் என்பதற்காக. உலகின் வளைவு தெரியும் உயரத்தில் பறந்த பயணிகளுக்கு அதைக் காண ஓர் உள்ளங்கைதான் கிடைத்தது.

இன்று நம் பக்கத்தில் இருப்பது மூன்றடுக்குத் தகடு. வெளித்தகடு அழுத்தத்தைத் தாங்குகிறது. நடுத்தகட்டில் அடிப்பக்கம் ஊசித்துளை அளவில் ஒரு துளை இருக்கும். அது அடுக்குகளுக்கிடையே அழுத்தத்தைச் சமன்செய்து, பனி படியாமலும் காக்கிறது. நீண்ட பயணத்தில் அந்தத் துளையைச் சுற்றிப் பூவிதழ்போலப் பனிப்படிகங்கள் விரிவதைப் பார்த்திருப்பீர்கள். நாம் விரல் வைக்கும் உள்தகடு வெறும் கீறல்தடுப்பு.

ஜன்னல்களின் இடைவெளியை நிர்ணயிப்பது விமானத்தின் எலும்புக்கூடு. இருக்கைகளின் இடைவெளியை நிர்ணயிப்பது நிறுவனத்தின் கணக்குப்பிள்ளை. இரண்டும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வதில்லை. போயிங் 737இல் இறக்கைக்குச் சற்று முன்னால், குளிர்காற்றுக் குழாய் மேலேறும் இடத்தில் ஜன்னலே கிடையாது. ஆனால் அங்கும் ஜன்னலோர இருக்கை உண்டு. 2025இல் அமெரிக்காவில், சுவரைப் பார்த்து அமரவைத்ததற்காக இரு நிறுவனங்களின்மேல் பயணிகள் வழக்கே தொடுத்திருக்கிறார்கள். எனக்கும் ஒருமுறை அந்தச் சுவர் கிடைத்தது. இரண்டு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அனுபவத்தில் கற்ற சில: சூரியன் இருக்கும் பக்கம் அமர்ந்தால் மூட்டமும் கண்கூச்சமும்தான் மிஞ்சும், நிழல்பக்கம் நிலம் தெளிவாகத் தெரியும். மேகங்களின்மேல் விமானத்தின் நிழல் விழுந்து அதைச் சுற்றி வானவில் வளையம் தோன்றுவதும் நிழல்பக்கத்தில்தான். இறக்கைக்குப் பின்னால் எஞ்சினின் சூட்டில் காட்சி நெளியும். இறக்கை மேலே இருக்கும் ஏ.டி.ஆர். போன்ற சிறு விமானங்களில் கவலையில்லை. ஆனால் இவையெல்லாம் யாருக்கு வேண்டும் என்ற கேள்வி இப்போது எழுகிறது. 1961இல் அமெரிக்காவின் டி.டபிள்யு.ஏ. நிறுவனம் விமானத்தில் முறையாகத் திரைப்படம் காட்டத் தொடங்கியதிலிருந்தே திரைக்காக ஜன்னலை மூடச்சொல்கிறார்கள். 2011இல் சேவைக்கு வந்த 787இல் ஜன்னல் மீண்டும் பெரிதானது. அதே விமானத்தில்தான் பணிப்பெண் ஒரு பொத்தானால் எல்லா ஜன்னல்களையும் ஒருசேர இருளாக்கவும் முடிகிறது.

இந்த வரலாற்றில் பார்ப்பதற்காக மட்டுமே பறந்த விமானம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் முடிக்க முடியாது.

1977 முதல் ஏர் நியூசிலாந்து அண்டார்டிகாவைச் சுற்றிக்காட்டும் பயணங்களை நடத்தியது. காலையில் ஆக்லாந்தில் புறப்பட்டு, அங்கே இறங்காமல் பனிக்கண்டத்தைக் காட்டிவிட்டு அன்றே திரும்பும். விளக்கம் சொல்ல, துருவம் கண்ட ஒருவர் விமானி அறையில் உடன்வருவார். 1979 நவம்பர் 28ஆம் நாள் பயணத்துக்கு எட்மண்ட் ஹிலாரி வருவதாக இருந்தது. அவருக்கு வேறு வேலை வந்ததால், அவருடன் தென்துருவம் சென்ற நண்பர் பீட்டர் மல்க்ரூ வந்தார். 237 பயணிகள், 20 ஊழியர்கள்.

விமானிகளுக்கு நவம்பர் 9ஆம் தேதி விளக்கப்பட்ட பாதை மெக்மர்டோ நீரிணையின் தட்டையான பனிப்பரப்புக்கு மேலாகச் செல்வது. புறப்படும் நாள் விடிகாலையில் கணினியிலிருந்த ஆயத்தொலைவுகளில் ஓர் எண் திருத்தப்பட்டது. பாதை சுமார் 27 கடல் மைல் கிழக்கே நகர்ந்து, 3,794 மீட்டர் உயர எரிமலையான எரபஸின் நேர் எதிரே வந்து நின்றது. விமானிகளிடம் யாரும் சொல்லவில்லை. கேப்டன் ஜிம் காலின்ஸ் மேகத்தின் அடியில் தெளிந்த வெளியைக் கண்டு, பயணிகள் நன்றாகப் பார்க்கட்டும் என்று 1,500 அடிக்கு இறங்கினார். மதியம் ஒரு மணிக்குச் சற்றுமுன் விமானம் எரபஸின் அடிச்சரிவில் மோதியது. 257 பேரில் எவரும் பிழைக்கவில்லை.

தெளிந்த பகலில் ஒரு மலையைப் பார்க்காமல் எப்படி மோதுவார்கள்? 1980இல் வந்த விபத்து ஆய்வறிக்கை, எங்கே இருக்கிறோம் என்று உறுதியில்லாமல் தாழப் பறந்த விமானியின் தவறு என்றது. அடுத்து நீதிபதி பீட்டர் மஹோனின் விசாரணை ஆணையம் அமைந்தது. அவர் அண்டார்டிகாவுக்கே போய்ப் பார்த்தார். அவர் முன் இருந்த சாட்சியங்களில் ஒன்று விசித்திரமானது. பனியில் சிதறிக் கிடந்த பயணிகளின் காமிராக்களைச் சேகரித்து, உள்ளிருந்த படச்சுருள்களைக் கழுவியிருந்தார்கள். இறுதி நிமிடங்கள்வரை எடுத்த படங்கள் அவற்றில் இருந்தன. கரும்பாறை, கடல், மிதக்கும் பனி, எல்லாம் துல்லியம். மேகத்துக்குள் குருட்டுத்தனமாகப் பறந்தார்கள் என்ற வாதம் அந்தப் படங்களின்முன் நிற்கவில்லை. ஜன்னலோரத்தில் அமர்ந்தவர்கள் விமானிக்குச் சாட்சி சொன்னார்கள்.

விளக்கம் ஒளியில் இருந்தது. மேலே வெண்மேகம், கீழே வெண்பனிச் சரிவு. மேகத்தின் அடியில் சிதறிய ஒளியில் பனிமேல் எந்த நிழலும் விழாது. சரிவு சரிவாகத் தெரியாது. முன்னால் எழுந்து நின்ற மலை, தொலைவரை விரிந்த சமதளமாகத் தோன்றியது. அதே நேரம் இரு பக்கங்களிலும் கறுப்பு முனைகள் தெளிவாகத் தெரிந்தன. நீரிணையில் இருபுறமும் எதிர்பார்த்த நில அடையாளங்களோடு அவை பொருந்தியும் போயின. பக்கவாட்டில் தெரிந்த தெளிவுதான் முன்னால் உள்ள வெறுமையை நம்பவைத்தது. 1981இல் மஹோன் தந்த அறிக்கை, சொல்லாமல் பாதையை மாற்றிய நிறுவனத்தின் நிர்வாக முறையையே முதன்மைக் காரணமாக்கியது. நிர்வாகிகள் கூடி உண்மையை மறைத்தார்கள் என்ற அவரது கடுஞ்சொற்களை மேல்நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. அந்த அறிக்கை நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் முறைப்படி வைக்கப்பட 1999 ஆயிற்று. 2019இல், நாற்பதாம் ஆண்டு நினைவுநாளில், பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

1994 முதல் ஆஸ்திரேலியாவிலிருந்து குவாண்டாஸ் விமானங்களில் அண்டார்டிகாவைக் காட்டும் பயணங்கள் மீண்டும் நடக்கின்றன. அவற்றில் பெரும்பாலான பயணிகளுக்கு இரண்டு போர்டிங் பாஸ் தருகிறார்கள். பாதிவழியில் எல்லோரும் எழுந்து இடம் மாறுவார்கள். ஜன்னலோரத்தில் இருந்தவர் உள்ளே தள்ளி அமர, உள்ளே இருந்தவர் ஜன்னலுக்கு வருவார். ஜன்னலோரம் என்ற சிக்கலுக்கு மனிதகுலம் கண்ட மிக நாகரிகமான தீர்வு இதுவே என்பேன். காட்மாண்டுவின் சிறு விமானங்களில் அதற்கும் தேவையில்லை. எவரெஸ்ட்வரை போய்த் திரும்பும் பயணத்தில் ஒவ்வொருவரையும் ஜன்னலருகே அமர்த்துவார்கள். போகும்போது இடப்பக்கத்தாருக்குச் சிகரங்கள், வரும்போது வலப்பக்கத்தாருக்கு.

2011 செப்டம்பர் 25 காலை, புத்தா ஏர் நிறுவனத்தின் அத்தகைய விமானம் ஒன்று எவரெஸ்டைக் காட்டிவிட்டுத் திரும்பி, காட்மாண்டுவில் இறங்கும் வழியில் மேகத்துக்குள் லலித்பூர் மாவட்டத்துக் கோட்டடாண்டா குன்றில் மோதியது. விமானத்தில் இருந்த 19 பேரும் இறந்தனர். பத்துப்பேர் இந்தியர். அவர்களில் எட்டுப்பேர் திருச்சியிலிருந்து சேர்ந்து போனவர்கள். மறுநாள் தமிழ் நாளிதழ்களில் அந்த எட்டு முகங்களும் இருந்தன. வலப்பக்கம் அமர்ந்திருந்தவர்கள் தங்கள் முறைக்குச் சிகரங்களைப் பார்த்து முடித்திருப்பார்கள் என்று அன்று எனக்குத் தோன்றிய எண்ணத்தை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் சென்ற தில்லி விமானத்தில் எனக்கும் இறக்கைக்கு முன்னால் இடப்பக்கம் கிடைத்தது. எனக்கு இரண்டு வரிசை முன்னால் அந்தக் குடும்பம். லக்னோவைத் தாண்டியதும் தௌலகிரி வந்தது, முதலில் மேகம் என்றே நினைத்தேன், அசையாமல் இருந்ததால்தான் மலையென்று தெரிந்தது. முன்வரிசைக் குழந்தைகள் கூச்சலிட்டார்கள். அவர்களின் தந்தை இருக்கைகளுக்கிடையே திரும்பி என்னைத் தேடி, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அரைமணி நேரம் வெயிலும் பனியுமாக அது தொடர்ந்தது. பிறகு விமானம் வடக்கே திரும்பி மேகத்துக்குள் இறங்கத் தொடங்கியது. என் ஜன்னலில் வெண்மை தவிர ஒன்றுமில்லை. மேகம் விலகியபோது படிப்படியாக வெட்டிய வயல்கள், செங்கல் வீடுகள், பச்சைச் சரிவுகள். கோட்டடாண்டா எங்கே இருக்கும் என்று தேடினேன். நகரத்தின் தென்கிழக்கில் அல்லவா? அது வலப்பக்கம்.